கடாரம் முதல் காவடி வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பண்டைய வரலாற்றையும் புராணக் கதைகளையும் இன்றைய பிள்ளைகளிடமும் மேடைப் பார்வையாளர்களிடமும் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பது குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். பினாங்கிலிருந்தும் கோலாலம்பூர் வட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கி, பதிலுடன் இங்கே தருகிறோம்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பழைய கெடாவாகிய கடாரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், "சோழன் வந்தான், வென்றான், போனான்" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஆண்டுகளையும் மன்னர் பெயர்களையும் சொன்னதும் பிள்ளைகளின் கவனம் சன்னலுக்கு வெளியே போய்விடுகிறது. என்ன செய்யலாம், ஐயா?
(ஓர் ஆசிரியை, பட்டர்வொர்த்)

பதில்: டீச்சர், நீங்கள் கதையை அதன் கடைசிக் காட்சியிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். 1025ஆம் ஆண்டுவாக்கில் நடந்த படையெடுப்பைச் சொல்வதற்கு முன், அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்னர் நாகப்பட்டினத்தில் நடந்ததைச் சொல்லிப் பாருங்கள். கடாரத்து அரசர் அங்கே சூளாமணிவர்ம விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்புகிறார். சிவனுக்குத் தஞ்சையில் பெரிய கோயில் எடுத்துக்கொண்டிருந்த முதலாம் இராசராசன், அந்தப் பௌத்தப் பள்ளியின் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக் கொடுக்கிறான். அந்தக் கொடை 21 செப்பேடுகளில் பதிவாகியுள்ளது. அவற்றில் 5 வடமொழியிலும் 16 தமிழிலும் உள்ளன. நெதர்லாந்தின் லைடன் நகரப் பெயரால் இன்று அறியப்படுபவை அவைதாம்.

அந்தத் தமிழ்ப் பகுதியில் பிள்ளைகளுக்கென்றே எழுதியதுபோல ஓர் இடம் இருக்கிறது. கொடுக்கப்படும் நிலத்தின் எல்லையை உறுதிசெய்ய ஒரு பெண் யானையை ஊரைச் சுற்றி நடக்கவிடுகிறார்கள். அது போன வழியிலே கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். கூடவே அதிகாரிகள் நடக்கிறார்கள், ஓலை எழுதப்படுகிறது. இதைப் பள்ளித் திடலில் நடத்திக் காட்ட அரை மணி நேரம் போதும். ஒரு பிள்ளை யானையாகட்டும், சிலர் கல் வைத்துக்கொண்டே பின்தொடரட்டும், ஒருவன் கணக்கனாகி எழுதட்டும், இன்னொருத்தி பக்கத்து ஊர்க்காரியாகி "எங்கள் நிலத்துக்குள் யானை வந்துவிட்டது" என்று சண்டைக்கு வரட்டும். அந்தச் சண்டை செப்பேட்டில் இல்லை, நாம் சேர்த்தது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். எது கிடைத்தது, எது நம் ஊகம் என்று பிரித்தறிய அதைவிட எளிய பாடம் கிடைக்காது.

இதற்குப் பிறகு, இவ்வளவு நெருக்கமாக இருந்தவர்கள் இருபதே ஆண்டுகளில் ஏன் போருக்குப் போனார்கள் என்று கேளுங்கள். சீனத்தோடு நடந்த கடல் வாணிகமும் மலாக்கா நீரிணையின் மீதான கட்டுப்பாடும் காரணமாக இருந்திருக்கலாம் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ஆனால் முடிந்த முடிவு என்று ஒன்றில்லை. பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைத் திறந்தே விட்டுவையுங்கள். பிறகு, படையெடுத்த இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டில் அவன் வெற்றிகளைப் பாடும் பகுதியைப் படியுங்கள். "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று தொடங்கி, "துறைநீர்ப் பண்ணையும்", "ஆழ்கடல் அகழ்சூழ் மாயிருடிங்கமும்", "மாநக்கவாரமும்", "தொடுகடற் காவற் கடுமுரட் கடாரமும்" என்று போகும் அந்த வரிகளைப் புகழ்ச்சியாக மட்டும் படித்தால் சலிப்புதான் மிஞ்சும். கப்பலோட்டியின் குறிப்பாகப் படித்துப் பாருங்கள்: எந்த ஊருக்கு நல்ல துறை இருக்கிறது, எந்த ஊரைக் கடலே அகழியாகக் காக்கிறது என்றெல்லாம் அடைமொழிகளே சொல்லிவிடும். ஒரு வரைபடத்தில் சுமத்திராவின் பண்ணையையும் நிக்கோபாராகிய நக்கவாரத்தையும் நம் கெடாவையும் பிள்ளைகளே குறித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, பட்டர்வொர்த்திலிருந்து பூஜாங் பள்ளத்தாக்கு எட்டிவிடும் தூரத்தில்தான் இருக்கிறது. மெர்போக்கில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் பேருந்து ஏற்பாடு செய்யுங்கள். அங்குள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டியை (பழங்காலக் கோயிலின் எச்சத்தை மலாயில் சண்டி என்பார்கள்) பார்த்ததும் பிள்ளைகள் "கோபுரம் எங்கே?" என்று ஏமாற்றத்தோடு கேட்பார்கள். உங்கள் பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுதான். அடித்தளத்தின் மேலே வரிசையாகத் தூண்தாங்கு கற்கள் இருப்பதைக் காட்டுங்கள். அவற்றின் மேல் நின்றவை மரத்தூண்கள். மரமும் கூரையும் நம் மழைக்கும் வெப்பத்துக்கும் தாக்குப்பிடிக்காமல் போய்விட்டன, கல் மட்டும் தங்கியது. ஒவ்வொரு தூண்கல்லின் அருகிலும் ஒரு பிள்ளையை நிற்கவைத்துக் கைகளை உயர்த்தச் சொன்னால், மண்டபத்தின் அளவு எல்லோருக்கும் கண்ணில் தெரிந்துவிடும். இன்று நாம் காண்பது ஆய்வாளர் அலஸ்டர் லேம்ப் 1960ஐ ஒட்டிச் சீரமைத்து நிறுத்தியது என்பதையும் சொல்லுங்கள். இராசேந்திரன் கட்டியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதற்குச் சான்றில்லை.

கேள்வி: கெடாவின் சுங்கை பத்து அகழாய்வு இடம் உலகின் மிகப் பழைய நாகரிகம் என்றும், அதைக் கட்டியவர்கள் தமிழர்களே என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எங்கள் கோயில் ஆண்டுமலரில் போடலாமா?
(ஒரு கோயில் செயலவை உறுப்பினர், சுங்கை பட்டாணி)

பதில்: போட வேண்டாம். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் அங்கே அகழ்ந்ததில் இரும்பு உருக்கிய உலைகளும், கசடும், துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய களிமண் குழாய்களும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. வட்ட வடிவமான செங்கல் அமைப்பு ஒன்றும் உள்ளது. அந்த இடத்தின் காலத்தைக் கிறித்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டு வரை கொண்டுபோகும் கூற்றைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. கட்டியவர்கள் தமிழர்கள் என்பதற்குச் சான்று இல்லை. உள்ளூர் மக்களின் உழைப்பை நாம் எடுத்துப் பெயர் மாற்றிக்கொள்வது நம் பெருமைக்கு எதையும் கூட்டாது.

அந்தக் களிமண் குழாயின் படத்தைப் பெரிதாகப் போட்டு, இரவு பகலாக எரிந்த உலையின் முன்னே துருத்தி மிதித்தவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். அதற்கு எந்தச் சண்டையும் வராது, படிக்கவும் சுவையாக இருக்கும். இன்னொரு பக்கத்தில், அதே வட்டாரத்தில் 11ஆம் எண் சண்டி நில மேம்பாட்டுக்காக 2013இல் இடிக்கப்பட்ட செய்தியைச் சேருங்கள். உங்கள் மலரைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தினர் என்பதால், தங்கள் தோட்டத்து ஓரத்தில் பழைய செங்கல் தட்டுப்பட்டால் அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றினால் அதுவே பெரிய பயன்.

கேள்வி: நானும் நண்பர்களும் இராமாயணக் காட்சிகளை இன்றைய பேச்சுவழக்கில் குறுநாடகங்களாக்கி பிரிக்பீல்ட்ஸில் மேடையேற்றுகிறோம். இளைஞர்கள் சிரித்து ரசிக்கிறார்கள். என் பாட்டியோ, "கம்பன் எழுதியதை மாற்ற உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?" என்று கேட்கிறார். பாட்டிக்கு என்ன பதில் சொல்வது?
(ஒரு கல்லூரி மாணவர், கோலாலம்பூர்)

பதில்: முதலில் பாட்டியிடம், கம்பனே மாற்றியவன்தான் என்று பணிவாகச் சொல்லுங்கள். வில்லை முறிப்பதற்கு முன்பே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் நோக்கும் மிதிலைக் காட்சி வால்மீகியில் இல்லை. வீடணன் இராவணனுக்கு அறிவுரையாகச் சொல்லும் இரணியன் வதை முழுவதும் கம்பன் சேர்த்தது. இன்னொரு செய்தியும் சொல்லுங்கள், பாட்டி வியந்துபோவார்: நாம் எல்லோரும் அறிந்த இலட்சுமணன் கோடு வால்மீகியிலும் கிடையாது, கம்பனிலும் கிடையாது.

அதற்காக உங்கள் பக்கமே முழு நியாயம் என்று எண்ணிவிடாதீர்கள். கம்பன் எப்படி மாற்றினான் என்பதைக் கவனிக்க வேண்டும். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தொடாமல், குடில் நின்ற நிலத்தோடு பெயர்த்தெடுத்துத் தேரில் வைக்கிறான். விருப்பமில்லாத பெண்ணைத் தீண்டினால் தலை சிதறும் என்று பிரமன் கொடுத்த சாபம் இராவணனுக்கு இருக்கிறது. அந்தச் சாபத்தையே கம்பன் காரணமாக வைக்கிறான். மாற்றத்துக்கான நியாயம் கதைக்கு உள்ளேயே இருக்கிறது. உங்கள் நாடகத்தில் ஒரு காட்சியை மாற்றும்போது, "இது சிரிப்புக்காக" என்பதைத் தவிர வேறு காரணத்தைக் கதைக்குள்ளிருந்தே உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாத இடங்களில் பாட்டி சொல்வதுதான் சரி.

பேச்சுவழக்கைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. இலட்சுமணனை நம் மலேசியப் பேச்சின் "லா" போட்டுப் பேசவைத்தால் முதல் முறை கைதட்டல் வரும், மூன்றாம் முறை காட்சி நீர்த்துவிடும். இந்தச் சிக்கலுக்கு நம் பழைய கலைஞர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். கிளந்தான் வாயாங் கூலிட்டில் திரைக்குப் பின்னே விளக்கொளியில் அமர்ந்து, தோல்பாவைகள் அனைத்தையும் ஒருவராகவே ஆட்டி, எல்லாக் குரலும் தாமே பேசும் டாலாங், சீராமனையும் ராவணாவையும் அரண்மனை மொழியில்தான் பேசவைப்பார். ஊர்ப் பேச்சும், நாட்டு நடப்பும், கேலியும் பா டோகோல், வா லோங் என்ற இரண்டு கோமாளிகளின் வாயில் வரும். அரசன் ஒரு வரி சொல்வான், வா லோங் அதற்கு அசல் கிளந்தான் வழக்கில் ஒரு குறும்பான பொருள் சொல்வான். சிரிப்பு அடங்கும்போது அரசன் சொன்னது பார்வையாளருக்கு விளங்கியிருக்கும். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வதும் இதுவேதான். துரியோதனன் மேடைக்கு வந்ததும், "யாரப்பா நீ, எந்த ஊரு?" என்று கேட்கும் துணிவு அவனுக்கு மட்டும்தான் உண்டு. அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் அரசன் தன் பெருமையைப் பாடத் தொடங்குவான்.

ஆகவே இராமனையும் சீதையையும் அவர்கள் தமிழிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு கட்டியக்காரனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் கிராப் ஓட்டுநராக இருக்கலாம், மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுபவனாக இருக்கலாம். இன்றைய காலம் முழுவதையும் அவன் சுமந்துகொள்வான். மலாய்மொழி இராமகதையான ஹிகாயத் சீராமாவில் அனுமன் இராமனின் மகனாகவே வருகிறான் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டிலேயே இராமகதைக்கு எத்தனை முகம் என்று பாட்டியோடு உட்கார்ந்து பேச, அந்த ஒன்று போதும்.

கேள்வி: மகாநாவிகன் புத்தகுப்தனின் கல்வெட்டு எங்கள் செபராங் பிறையில் கிடைத்ததாமே? தமிழ்க் கப்பலோட்டியைப் பற்றிய கதையாக அதை எழுத நினைக்கிறேன்.
(ஒரு சிறுகதை எழுத்தாளர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: கிடைத்தது உண்மை. 1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி கண்டெடுத்தார், இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் கல்லில் உள்ளது வடமொழி. அதில் வரும் இரக்தமிருத்திகை என்ற ஊரை அறிஞர்கள் பெரும்பாலும் வங்காளத்தில் அடையாளம் காண்கிறார்கள். காலம் ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு. ஆகவே அவரைத் தமிழராக்க வேண்டாம். தமிழர்தான் வேண்டுமென்றால், தென் தாய்லாந்தின் குலோங் தோமில் கிடைத்த பொன் உரைக்கும் கல் இருக்கிறது. தமிழ்ப் பிராமி எழுத்தில் அதில் பெரும்பதன் என்ற பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. பொன்னின் மாற்றுப் பார்க்கத் தன் கல்லைக் கையோடு கொண்டுவந்த தொழிலாளி ஒருவர் அதற்குப் பின்னே தெரிகிறார். கதைக்கு அரசர்களைவிட அவர் வசதியானவர்.

இருந்தாலும் புத்தகுப்தனை விட்டுவிடாதீர்கள். அந்தக் கல்லில் அடுக்கடுக்கான குடைகளோடு ஒரு தூபி செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில், பயணம் நல்லபடி நிறைவேற வேண்டும் என்ற வேண்டுதல் இருக்கிறது. ஒரு மாலுமி கடலோரத்தில் உட்கார்ந்து அப்படி வேண்டிக்கொள்ள நேர்ந்தது ஏன் என்று யோசித்தால் கதை தானாக வரும். தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியக் கரையிலிருந்து இங்கே வந்துசேர்ந்த கப்பல், திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வீசும்வரை காத்திருந்தாக வேண்டும். அந்த இடைக்காலம் முழுவதும் அவர்கள் இங்கே சமைத்துச் சாப்பிட்டிருப்பார்கள், காய்ச்சலில் படுத்திருப்பார்கள், உள்ளூர் மொழியில் பேரம் பேசக் கற்றிருப்பார்கள், சிலர் இங்கேயே தங்கியும் இருப்பார்கள். கல்லில் எழுதப்படாதது அதுதான். உங்கள் கற்பனைக்கு உரிய இடமும் அதுவே. உங்கள் ஊரிலேயே செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் செரோக் தொக்குன் பாறை எழுத்துகள் இருக்கின்றன. எழுதத் தொடங்குமுன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் காவடிகளைப் பார்த்த என் ஏழு வயதுப் பேத்தி, "தாத்தா, இடும்பன் உண்மையாகவே மலையைத் தூக்கினாரா?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் திணறிவிட்டேன்.
(ஒரு வாசகர், ஜார்ஜ்டவுன்)

பதில்: "ஆமாம்" என்றும் "இல்லை" என்றும் சொல்லாமல், கதையை முழுதாகச் சொல்லிவிடுங்கள். அகத்தியர் கேட்டுக்கொண்டபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைக் கம்பின் இரு முனையிலும் கட்டித் தோளில் சுமந்து வந்த இடும்பன், பழனியில் சற்று இளைப்பாற இறக்கிவைத்தான். மீண்டும் தூக்கப் பார்த்தால் அசையவில்லை. மேலே ஒரு சிறுவன் நின்றுகொண்டிருந்தான். சண்டை நடந்தது, இடும்பன் விழுந்தான், பிறகு உயிர்பெற்று, தன்னைப்போல் சுமந்து வருபவர்களுக்கு அருள வேண்டும் என்று வரம் கேட்டான். அடுத்த தைப்பூசத்தில் பால்காவடியில் இருபுறமும் கட்டியிருக்கும் செம்புகளைக் காட்டி, எது சிவகிரி, எது சக்திகிரி என்று பேத்தியைக் கேளுங்கள். ஏழு வயதில் கதைக்குள் நுழைய அது போதும். பதினான்கு வயதில் இதே கேள்வியைக் கேட்டால், நம்பிக்கை, வரலாறு என்பவற்றைப் பற்றி விரிவாகப் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் மன்றத்தின் கண்காட்சிக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இராசேந்திரனின் கப்பற்படையையும், ஒரு சங்க கால விருந்தையும் படமாக வரைந்துள்ளோம். மிக அழகாக வந்திருக்கின்றன. உங்கள் கருத்து?
(ஓர் இளைஞர் மன்றம், கிள்ளான்)

பதில்: இணைத்து அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் உங்கள் கப்பல்களில் பாதி, வாஸ்கோ ட காமாவின் கப்பல்களைப்போல இருக்கின்றன. சோழர் தம் போர்க் கலங்களை வரைந்துவைத்த ஓவியம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்களில் இந்த வட்டாரக் கப்பல்கள் தெளிவாக உள்ளன, ஆனால் அவை இராசேந்திரனுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முந்தியவை. அவற்றை மாதிரியாகக் கொண்டு மறுபடி வரைந்து, கீழே "கற்பனைப் படம், கப்பலின் வடிவம் போரோபுதூர் சிற்பத்தைத் தழுவியது" என்று எழுதிவிடுங்கள். ஆடை அணிகலன்களுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் 1931இல் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களைப் பாருங்கள். மன்னனுக்கு ரோமானியக் கவசம் மாட்டியிருப்பதை எடுத்தே ஆக வேண்டும்.

விருந்துப் படத்தில் வாழையிலை நிறையச் சிவந்த மிளகாய். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றுமே அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. மிளகாய் போர்ச்சுகீசியர் வழியே 16ஆம் நூற்றாண்டில்தான் நம் சமையலுக்கு வந்தது. அதற்கு முன் காரம் என்றால் மிளகு. பெரிய விருந்தையே விட்டுவிட்டு, குறுந்தொகையின் 167ஆம் பாடலை வரையச் சொல்வேன். கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடும்பம் நடத்தும் பெண் ஒருத்தி கட்டித்தயிரைக் கையால் பிசைகிறாள். விரலைத் துடைத்த ஆடையை மாற்றவும் நேரமில்லை, தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது, அப்படியே புளிக்குழம்பு வைத்து முடிக்கிறாள். கணவன் "இனிது" என்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. ஆறே வரியில் அடுப்பும், புகையும், கறைபட்ட சேலையும் இருக்கின்றன. கண்காட்சிக்கு வருபவர்கள் கப்பற்படையைவிட இந்தப் படத்தின் முன்னேதான் அதிக நேரம் நிற்பார்கள் என்பது என் கணிப்பு.

கேள்வி: கோலாலம்பூரின் ஜாலான் ராஜா சூலான், இராசராச சோழன் பெயரில் அமைந்த சாலைதானே?
(ஒரு வாசகி, செந்தூல்)

பதில்: இல்லை, அம்மா. முன்பு வெல்ட் சாலை என்று அழைக்கப்பட்ட அது, பேராக் அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜா சூலானின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் 1933இல் மறைந்தவர்.

எனினும் அந்தப் பெயர் மலாய் மரபில் புகுந்த வழி சுவையானது. செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூலில், சோழரின் நினைவைச் சுமந்த ஓர் இந்திய அரசன் வருகிறான். பிரதிக்குப் பிரதி பெயர் சூரன் என்றும் சூலன் என்றும் மாறும். சீனத்தை வெல்லப் புறப்பட்டுத் துமாசிக் (இன்றைய சிங்கப்பூர்) வரை வந்துவிடுகிறான். சீனப் பேரரசர் அஞ்சி, ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த மரங்களையும், பல்லில்லாக் கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார். சீனம் எவ்வளவு தொலைவு என்று கேட்டதும், "நாங்கள் புறப்பட்டபோது சிறுவர்கள், இந்த மரங்கள் அப்போது விதைகள், இந்த ஊசிகள் கை தடிமன் இரும்புக் கம்பிகள்" என்கிறார்கள் கிழவர்கள். அரசன் மனம் மாறித் திரும்பிவிடுகிறான். பிறகு கண்ணாடிப் பேழையில் கடலுக்கடியில் இறங்கி, அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். மெய்க்கீர்த்தியில் கடலெல்லாம் வென்ற சோழன், அவன் வந்துபோன மண்ணில் ஒரு கிழவர் கூட்டத்திடம் ஏமாந்த வேடிக்கை மனிதனாகவும் நினைக்கப்பட்டிருக்கிறான். எனக்கு இரண்டு கதைகளும் வேண்டும். அந்தச் சாலையின் பெயர்ப்பலகையைப் படமெடுத்து முகநூலில் போட நினைக்கும் வாசகர்கள் ஊசிக் கதையைத் தாராளமாக எழுதலாம், பேராக் இளவரசரைப் பற்றி ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.